வண்டி கனமா இருக்கு

"வண்டி கனமா இருக்கு" என்று என் வீட்டுக்காரர் முதல் தடவை சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாக சைக்கிள் கடை வைத்திருக்கிற மனுஷன், தன் சைக்கிளைப் பற்றியே புகார் சொல்லிக்கொண்டு வந்து நிற்கிறார்.

"யார்கிட்ட வந்து சொல்றீங்க? கடைக்காரர் உள்ளேதான் இருப்பாரு, கூப்பிடட்டுமா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "டாக்டரம்மா, பின்சக்கரத்தைக் கொஞ்சம் பாரேன். பாலத்துல ஏறவே மாட்டேங்குது."

டாக்டரம்மா என்பது நான்தான். பத்தாவதோடு படிப்பை மூட்டை கட்டி வைத்தவள். எங்கள் கடையில் பஞ்சர், பிரேக், செயின் எல்லாம் அவர் பொறுப்பு. சக்கரம் என் பொறுப்பு. வளைந்த ரிம்மை நிமிர்த்துவது, கம்பி முறுக்குவது, அச்சைப் பிரித்துப் பேரிங் குண்டுகளைக் கழுவி கிரீஸ் வைப்பது. சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கண்ணை மூடி, அச்சுப் பக்கம் காதைக் கொண்டுபோனால் எங்கே கோளாறு என்று எனக்குத் தெரிந்துவிடும். அதைப் பார்த்துத்தான் அவர் அந்தப் பேரை வைத்தார். வாடிக்கைக்காரர்கள் முன்னால் கூச்சமே இல்லாமல் கூப்பிடுவார். அவருக்கு ஊர் வைத்த பேர் 'பதினஞ்சு'. பெடல் கழற்றுகிற பதினைந்தாம் நம்பர் ஸ்பானர் எப்போதும் அவர் பின்பாக்கெட்டில் இருக்கும். எங்கள் கல்யாண ஃபோட்டோவை உற்றுப் பார்த்தால் அன்றைக்கும் பாக்கெட் புடைத்துக்கொண்டிருப்பது தெரியும்.

நான் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு சுற்றியது. பிரேக் கட்டை எங்கேயும் உரசவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

அடுத்த வாரம் மறுபடியும் அதே பேச்சு. சாமான் வாங்க அவர் தினமும் ரயில் பாலத்தைத் தாண்டிப் போய் வருவார். திரும்பி வந்ததும் ஸ்டூலில் உட்காருவார், வண்டியை முறைப்பார். "இன்னும் கனமாத்தான் இருக்கு." சரி, மனுஷன் இவ்வளவு சொல்கிறாரே என்று அச்சைப் பிரித்தேன். உள்ளே இருந்த குண்டுகள் புதுசு போல மின்னின. இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றினேன். நான் எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை; பழைய குண்டுகளைக் கையில் கிடைத்த காகிதத்தில் மடித்து டிராயரில் வைத்தேன். அதற்குப் பிறகு டயர் மாற்றினோம். அவர் பெடல் அச்சைப் பிரித்துப் பூட்டினார். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். கடையில் நாலு பேர் வண்டி காத்துக்கொண்டிருக்க, எங்கள் வண்டிக்கு நாங்களே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்படியே இரண்டு மாதம் ஓடியது.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஒரு நாள் அது இறங்கி வந்துவிட்டது.

"என் கைவேலையைக் குத்தம் சொல்றீங்களா?"

"உன்னை யாரு சொன்னா? நீயே ஒரு தடவை பாலத்து மேல ஓட்டிப் பாரு. ஸ்டாண்டுல போட்டுச் சுத்தினா எல்லா வண்டியும் லேசாத்தான் சுத்தும். ஆள் ஏறி உக்காந்தாத்தான் தெரியும்."

"எனக்கு வேற வேலை இல்லையா? வண்டியில ஒண்ணும் இல்ல. எல்லாம் உங்க நினைப்பு."

அதோடு பேச்சு நின்றது. மூன்று நாள் நாங்கள் வாடிக்கைக்காரர்கள் வழியாகத்தான் பேசிக்கொண்டோம். "அந்தம்மாகிட்ட பம்பைக் கொஞ்சம் வாங்கிக் குடுங்க சார்" என்பார் அவர். "இங்கதான் இருக்கு, வேணும்ங்கறவங்களுக்குக் கண்ணு தெரியும்" என்பேன் நான். உயரத்தில் இரண்டு பேரும் ஒன்று. அவர் வண்டியில் நான் ஏறி உட்கார சீட்டைக்கூட இறக்க வேண்டியதில்லை. பாலம் வரை போய் வரப் பத்து நிமிஷ வேலை. போகவில்லை.

நாலாவது நாள் காலையில் அவர் பாலத்தின் ஏற்றத்திலேயே இறந்துபோனார்.

எதிரே நடந்து வந்த தபால்காரர் பார்த்திருக்கிறார். பாதி ஏற்றத்தில், கைப்பிடிச் சுவர் ஓரமாக வண்டியை ஒழுங்காக ஸ்டாண்டில் போட்டுவிட்டு, அவர் குந்தி உட்கார்ந்து ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டு பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "என்ன பதினஞ்சு, உன் வண்டியே மக்கர் பண்ணுதா?" என்று தபால்காரர் கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கியிருக்கிறார். நாலடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தபோது சுவரில் சாய்ந்திருந்தார். சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருந்ததாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. வலது ஆள்காட்டி விரலில் செயின் கறுப்பு இருந்தது. துடைக்க வந்த நர்ஸைத் துடைக்க விடவில்லை.

சாயங்காலம் டாக்டர் கேட்டார். "இதுக்கு முன்னாடி ஏதாவது சொல்லிக்கிட்டு இருந்தாரா? மூச்சு வாங்குது, நெஞ்சு இறுக்குது, அசதியா இருக்கு, அந்த மாதிரி?"

"ஒண்ணுமே சொல்லலைங்க" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. தன் உடம்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது சத்தியம். என் மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வெளியூரில் நர்ஸிங் மூன்றாம் வருஷம் படிக்கிறவள், சேதி கேட்டுக் கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்திருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரு மாதம் கழித்துக் கடையைத் திறந்தேன். யாருக்கோ குண்டு மாற்ற வேண்டி டிராயரைத் துழாவியபோது அந்தக் காகித மடிப்பு கையில் வந்தது. அது என்ன காகிதம் என்பதை அப்போதுதான் பார்த்தேன். ஊரில் ஒரு இதய ஆஸ்பத்திரி இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை, வைத்தியத்துக்கு வழியில்லாத நோயாளிகளுக்கு நிதி திரட்ட சைக்கிள் பயணம் நடத்துவார்கள். அதில் வருகிற வண்டிகளையெல்லாம் எங்கள் கடையில்தான் இலவசமாகப் பார்த்துக் கொடுப்போம். பயணத்தன்று பின்னால் வருகிற ரிப்பேர் வேனில் இவர்தான் உட்கார்ந்து போவார். அப்போது மக்களுக்குக் கொடுக்கச் சொல்லிக் கட்டுக் கட்டாகத் துண்டுப் பிரசுரம் தருவார்கள். மிஞ்சியதில் நாங்கள் கை துடைப்போம், சின்னச் சாமான்களை மடிப்போம். அந்தக் காகிதம்தான். கிரீஸ் ஊறி ஊறி எழுத்து முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. மாரடைப்பின் அறிகுறிகள் என்ற பட்டியலில் ஐந்தாவது வரி: பழகிய வேலையே திடீரென்று பாரமாகத் தெரிந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். கடைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குண்டுகள் நாலாபக்கமும் உருண்டு ஓடின.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு கேள்விதான். வண்டி நிஜமாகவே கனமாக இருந்ததா, இல்லையா? குத்தம் வண்டியில் இருந்தால் என் கை காரணம். நான் பூட்டிய சக்கரத்தை மிதித்து மிதித்துத்தான் அவர் நெஞ்சு வெடித்தது. குத்தம் வண்டியில் இல்லை என்றால் என் காது காரணம். இரண்டு மாதம் ஒரு மனுஷன் தன் நோயைத் தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். இரண்டில் எது பரவாயில்லை என்று கேட்டால், கை காரணமாக இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். கைக்குத் தவறு வரலாம். காது அப்படியில்லை, சக்கரத்துக்குள் ஒரு மணல் துளி இருந்தால்கூடக் கேட்கிற காது.

ஏறி ஒரு சுற்று வந்தால் தெரிந்துவிடும். ஆனால் ஏறவில்லை. வண்டியைக் கடையின் பின்னால் வைத்துச் சாக்கைப் போட்டு மூடினேன். விலைக்குக் கேட்டவர்களை விரட்டினேன். பத்து மாதம்.

அப்போதுதான் மகள் லீவில் வந்து, பையைக்கூட இறக்காமல் சொன்னாள். "அம்மா, அந்த ஹார்ட் ஆஸ்பத்திரி சைக்கிள் பயணத்துக்கு நம்ம ரெண்டு பேர் பேரையும் குடுத்துட்டேன். அப்பா வண்டியில நான் போறேன்."

"அது வேண்டாம். கடையில இத்தனை வண்டி நிக்குது, எதை வேணா எடுத்துக்கோ."

"அதுலதான் போவேன்."

"அது சரியில்லடி."

"என்ன சரியில்ல?"

அப்பனின் பிடிவாதமும் என் வாயும் ஒரே ஆளிடம் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் என் மகளைக் கை காட்டுவேன். இரண்டு நாள் வீட்டில் பாத்திரங்கள்தான் சத்தம் போட்டன. கடைசியில், "சரி, அதை நான் ஓட்டறேன். நீ என் வண்டியில வா" என்றேன். அந்தக் கனத்தை அவள் கால் கண்டுபிடிக்கக் கூடாது. கண்டுபிடித்தால் கேள்வி வரும். கேள்வி வந்தால் டாக்டரிடம் நான் சொன்ன பதில் பொய் என்பது வெளியே வரும். அவள் உடனே, "சரிம்மா" என்றாள். அவ்வளவு சீக்கிரம் இறங்கி வருகிற ஆளே இல்லை அவள்.

சாக்கை எடுத்தேன். டயரில் காற்று அடித்தேன். செயினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். வேறு எதையும் தொடவில்லை. அச்சைத் திறந்து பார்க்கக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். அவர் எந்த வண்டியை மிதித்தாரோ அதே வண்டியைத்தான் நான் மிதிக்க வேண்டும்.

அன்றைக்குக் காலையில் மைதானம் முழுக்க வண்டிகள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. எல்லோர் முதுகிலும் ஒரு அட்டையைக் குத்திவிடுவார்கள். யாருக்காக ஓட்டுகிறோம் என்று அதில் எழுத வேண்டும். 'என் தம்பிக்காக' என்று ஒருவர். நெஞ்சில் தையல் போட்டுப் பிழைத்து வந்த ஒரு பெரியவர், 'எனக்காகத்தான், வேறு யாருக்கு' என்று எழுதியிருந்தார். என் மகள் 'அப்பாவுக்காக' என்று எழுதினாள். நான் யோசித்து யோசித்து, 'பதினஞ்சுக்காக' என்று எழுதிக் கொடுத்தேன்.

அட்டை குத்திய பெண் அதைப் படித்துவிட்டு, "பதினஞ்சு பேருக்காகவா மேடம்?" என்றாள்.

"ஒரே ஆள்தாம்மா. பதினஞ்சு பேர் பேச்சைப் பேசுவாரு."

பேசினாரு என்று சொல்லியிருக்க வேண்டும். ரிப்பேர் வேனில் இந்த வருஷம் சந்தைக் கடை அண்ணன் உட்கார்ந்திருந்தார். சந்தைப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருப்பவர்; என் வீட்டுக்காரருக்குத் தொழிலில் போட்டி, டீக்கடையில் கூட்டாளி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "பாத்துப் போம்மா தங்கச்சி. ஏதாவதுன்னா நான் பின்னாடியே வரேன்" என்றார்.

கிளம்பினோம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மூடிக் கிடந்த துணிக்கடைகள் எல்லாம் பின்னால் போயின. சமதளத்தில் எந்த வண்டியும் ஓடும், அதனால் நான் எதையும் முடிவு செய்யவில்லை. சக்கரத்தின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டே மிதித்தேன். சத்தமே இல்லை. எட்டாவது கிலோமீட்டரில் ரயில் பாலம் வந்தது.

ஏற்றம் தொடங்கியதும் முன்னால் போனவர்கள் சீட்டிலிருந்து எழுந்து மிதித்தார்கள். சிலர் இறங்கித் தள்ள ஆரம்பித்தார்கள். நான் உட்கார்ந்தே மிதித்தேன். இப்போது வரும், இப்போது வரும் என்று அந்தக் கனத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. வண்டி ஏறியது. யாரோ பின்னால் கேரியரில் கை வைத்துத் தள்ளுவது போல ஏறியது. கியர் வைத்த வண்டியில் வந்த ஒருத்தரைத் தாண்டினேன், அவர் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தார். 'கனமாக இரேன், கொஞ்சமாவது கனமாக இரேன்' என்று வாய்விட்டுக் கெஞ்சினேன். கண்ணில் நீர் வந்து ரோடு தெரியவில்லை. எனக்கு வயது நாற்பத்தாறு. முட்டிவலிக்காரி. அந்த ஏற்றம் எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

பாதி ஏற்றத்தில், தபால்காரர் காட்டிய இடத்தில் இறங்கினேன். சுவர் ஓரமாக ஸ்டாண்டைப் போட்டேன். குந்தி உட்கார்ந்து பெடலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். பின்சக்கரம் சுற்றியது.

மகள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். என் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடி வந்தாள். "என்னம்மா? என்ன பண்ணுது? நெஞ்சு வலிக்குதா?"

அவள் அதைத்தான் முதலில் கேட்டாள். எனக்கு அவரிடம் அதைக் கேட்கத் தோன்றவே இல்லையே.

"ரெண்டு மாசமா சொன்னாருடி" என்றேன். "வண்டி கனமா இருக்கு, வண்டி கனமா இருக்குன்னு தினம் சொன்னாரு. நான் குண்டு மாத்தினேன், டயர் மாத்தினேன். ஒரு தடவை ஓட்டிப் பாருன்னு கேட்டாரு. மாட்டேன்னுட்டேன். டாக்டர் கேட்டப்ப ஒண்ணும் சொல்லலைன்னு சொன்னேன். உன்கிட்டயும் அதையேதான் சொன்னேன்."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தோள்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். புது செயின். உறைகூடப் பிரிக்கவில்லை. உள்ளே இருந்த எண்ணெய் பழுத்து மஞ்சளாகியிருந்தது.

"எனக்கும் தெரியும்மா" என்றாள். "ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணும்போதெல்லாம் சொல்வாரு. 'உங்கம்மா எல்லாத்தையும் மாத்திட்டா, இன்னும் மேடு ஏற மாட்டேங்குது'ன்னு. செயின் தேஞ்சிருக்கும்பா, லீவுக்கு வரும்போது நல்ல செயினா வாங்கிட்டு வரேன்னு சொன்னேன்." அவள் பொட்டலத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். "கடைசியா அவர் அதைச் சொன்ன அன்னிக்கு, வார்டுல எட்டு பேருக்கு ஈசிஜி எடுத்துட்டு வந்துதான் ஃபோன் பேசினேன். எட்டு பேருக்கும்மா."

டாக்டர் கேட்டபோது அவள் தலை குனிந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் அன்றைக்கு என் பொய்யை மட்டும்தான் பார்த்தேன். பக்கத்தில் நின்றவளும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். பத்து மாதமாக இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி மறைத்து வைத்திருந்தோம். அவள் தலையை இழுத்து என் தோளில் வைத்துக்கொண்டேன். சின்ன வயதில் அழுவது போல அழுதாள்.

"அந்த வண்டியை நானே ஓட்டிப் பாக்கணும்னுதான் அடம் பிடிச்சேன்" என்றாள். "நிஜமாவே கனமா இருந்தா இங்கேயே செயினை மாத்திடலாம்னு எடுத்துட்டு வந்தேன்." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "கனமா இருந்துச்சாம்மா?"

நான் பெடலை மறுபடியும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். சக்கரம் வழுக்கிக்கொண்டு சுற்றியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களைத் தாண்டி ஒவ்வொருவராக மேட்டில் ஏறிப் போனார்கள், முதுகில் ஒவ்வொரு பேரோடு.

ரிப்பேர் வேன் வந்து நின்றது. சந்தைக் கடை அண்ணன் கையில் ஸ்பானரோடு குதித்து இறங்கி வந்தார்.

"என்ன தங்கச்சி, நின்னுட்டீங்க? வண்டியில என்ன கோளாறு?"

மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டியில ஒண்ணும் இல்லண்ணே" என்றேன்.